வாசனை இல்லாத க்ரீம்

விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டு எதிரே ஃபேன்சி ஸ்டோரில் சோப்பு வாங்க நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு தாடிக்காரர், சட்டையெல்லாம் வெள்ளை மண் தூசி. கூட அவருடைய மச்சான்.

“வாசனையே இல்லாத சேவிங் க்ரீம் இருக்குதாங்க?”

கடைக்காரர் சிரித்தார். “எலுமிச்சை வாசனை எடுத்துக்குங்க. பிரஷ்ஷுல நல்லா நுரைக்கும், முரட்டுத் தாடியும் இளகிடும். வூட்டுல மாசமா இருக்காங்கன்னு வுட்ட தாடிதானே? என்ன கொழந்தைங்க?”

“ஆம்பளப் புள்ள. ஏழாம் மாசமே பொறந்து செத்துடுச்சு.”

கடைக்காரர் ட்யூபைக் கீழே வைத்துவிட்டார்.

மச்சான்தான் பேசினான். “வாசனைல என்ன மாமா இருக்குது? ஏதாவது ஒண்ணை வாங்குங்க.”

“பீங்கான் கம்பெனி மண்ணு தாடியில ஏறி அரிக்குதுன்னு நடுவுல ஒரு தடவ எடுத்தேன்ல, அது எலுமிச்சை க்ரீம்தான். மாசமா இருக்கறப்ப தாடி எடுத்ததாலதான் புள்ள போச்சுன்னு எங்கம்மா தெருவெல்லாம் சொல்லுது. உங்கக்காவுக்கு பிரஷரு ஏறுனதுதான் காரணம்னு டாக்டரு சொன்னது யாரு காதுலயும் ஏறல. அவளும் எங்கம்மா சொல்றதைத்தான் நம்புறா. க்ரீம் வாசனை வந்தாலே அவளுக்கு அதுதான் ஞாபகம் வரும்.”

“அப்போ எடுக்காம வுட்டுடுங்களேன் மாமா.”

“தாடியைப் பாத்தா இன்னும் வயித்தைத் தடவுறாடா.”