நீலத் தொப்பி கோபாலசாமி

"ஹலோ... ஹலோ, ராஜீவ் சாருங்களா... நான் சுசீலா பேசுறேன். ஃபஹாஹீல் சுசீலா... ஆமா, ஆமா, கோபாலசாமி வீட்டம்மாதான். அதைப் பத்தித்தான் பேசணும்."

ராஜீவ் குவைத் தமிழ் மன்றத்தின் செயலாளர். நாளை, வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஐ.நா. அமைதி காப்போர் தினத்துக்கு மன்றம் விழா எடுக்கிறது. அதன் அழைப்பிதழ் இப்போதுதான் சுசீலாவின் போனுக்கு வந்திருந்தது, அதுவும் கீழ்வீட்டு பிருந்தா அனுப்பி. யாருக்கு விழாவோ அவளுக்கே கடைசியில்தான் தெரிகிறது.

"நல்லா இருக்கு சார், கலரெல்லாம் பிரமாதம்... இருங்க, நான் படிக்கிறேன், நீங்க கேளுங்க. 'லைபீரியா நாட்டில் ஐ.நா. அமைதிப்படையில் பணியாற்றிய மாவீரர் திரு. கோபாலசாமி அவர்களுக்குப் பொன்னாடை.' ம்... அதுக்குக் கீழ வாங்க. 'குத்துவிளக்கு ஏற்றுபவர், திருமதி கோபாலசாமி.' சார், லைபீரியாவுக்குப் போனது யாரு... இல்ல, நீங்களே சொல்லுங்க."

"... ம். நான்தான். சி.ஆர்.பி.எஃப்.ல இருந்து பொம்பளைங்களா ஒரு படை போச்சு, அதுல நானும் போனேன். ஒரு வருஷம். அந்த வருஷம் பூரா அவரு ஆவடி குவார்ட்டர்ஸ்ல ரெண்டு வயசுப் பையனுக்குச் சோறு ஊட்டிக்கிட்டு இருந்தாரு. அதுக்கு வேணா மாலை போடுங்க, முத ஆளா நான் கைதட்டுறேன். துப்பாக்கியை விடுங்க, அவரு தொப்பி போட்டே நான் பாத்ததில்ல. என் போட்டோவுல இருந்த ஐ.நா. நீலத் தொப்பியைக் கழட்டி இதுல அவரு தலையில மாட்டி விட்டிருக்கீங்க..."

மன்றத்தில் குடும்பத்துக்கு ஓர் உறுப்பினர் அட்டை. அது கணவன் பெயரில் இருக்கும், மனைவி அதில் ஒட்டிக்கொண்டு வருவாள். அட்டையைப் பார்த்து அழைப்பிதழும் சான்றிதழும் அடிப்பது அங்கே வழக்கம். போன பொங்கலுக்குக் கோலப் போட்டியில் முதல் பரிசு கோபாலசாமிக்குத்தான் கிடைத்தது. அன்றைக்கு சுசீலா விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றே கேட்டிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றியது.

"... சரி, சரி. அட்டையில இருந்த பேரு... ஓ. அடிக்கிறதுக்கு முன்னாடி அனுப்பிக் காட்டினீங்களா. எப்ப... செவ்வாய்க்கிழமை. யாருக்கு..."

அவள் திரும்பிப் பார்த்தாள். கூடத்தில் கோபாலசாமி பனியனோடு நின்று புதுக் கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். பழைய கோட்டு இறுக்குகிறது என்று புதன்கிழமை வாங்கி வந்தது.

"... பாத்துட்டு ஓகேன்னு வாட்ஸ்அப்ல கட்டைவிரல் படம் போட்டாரா. ம். இருக்கட்டும், அதை நான் இங்க பாத்துக்கிறேன்."

கோபாலசாமி தலையைத் தூக்கவில்லை. கோட்டின் தேய்த்த கையையே மறுபடி தேய்த்தான்.

"சரி சார், என் பேரு போனது போகட்டும். நான் கூப்பிட்டது வேற ஒண்ணுக்கு. மார்த்தா பேரு எங்க... மார்த்தா சார், லைபீரியாப் பொண்ணு. இங்க ஒரு குவைத்தி வீட்டுல வேலை பாக்குறா. அவ பத்து நிமிஷம் பேசணும்னு எழுதிக் கொடுத்தேன், நீங்களும் யெஸ் யெஸ்ன்னு தலையாட்டினீங்க... நேரம் இல்லையா. நாலு சினிமா டான்ஸுக்கு நேரம் இருக்கு... முழுங்காதீங்க, சொல்லுங்க."

ராஜீவ் நீளமாக ஏதோ சொன்னார். கேட்கக் கேட்க, சோபாவில் உட்கார்ந்திருந்த சுசீலா எழுந்து நின்றுவிட்டாள்.

"... வீட்டு வேலைக்காரி மேடையில உக்காந்தா முத வரிசைக்காரங்க மூஞ்சியைச் சுளிப்பாங்க. அதானே... நான் திரிக்கல சார். நீங்க சுத்தி வளைச்சதை நேரா சொன்னேன்... இல்ல, இப்ப நீங்க கேளுங்க. நாங்க அங்க போய் யாரையும் சுட்டு வீழ்த்தல. தெருவுல நின்னோம், நடந்தோம். பிள்ளைங்க எங்களைப் பாத்துக்கிட்டே பயமில்லாம பள்ளிக்கூடம் போச்சு. அதுல ஒருத்திதான் இந்த மார்த்தா, அப்ப பதினோரு வயசு. வருஷம் முடிஞ்சது, நான் பெட்டியைக் கட்டிக்கிட்டு வந்துட்டேன். அப்புறம் எங்க படையே மொத்தமா கிளம்பிருச்சு. அதுக்கப்புறம் அந்த ஊர்ல அமைதியை யாரு சார் காப்பாத்துறது..."

"... அரசாங்கமா. அவ அம்மா சார். சண்டையில அவங்க வீட்டுக்குத் தீ வச்சவன் இன்னிக்கும் அதே ஏரியாவுலதான் இருக்கான். எல்லாருக்கும் ஒரே அடிபம்பு. தினம் காலையில அந்த வரிசையில அந்தம்மா குடத்தோட நிக்குது. தீ வச்சவன் அதுல நிக்கிற ஒருத்தன்தான்னு மார்த்தாவுக்குத் தெரியும். எவன்னு தெரியாது. அம்மா இன்னிக்கு வரைக்கும் வாயத் திறக்கல. சொன்னா மகன் கத்தியை எடுத்துருவான்னு... ஆமா, சொந்தப் பிள்ளைங்ககிட்டயே. இருபது வருஷத்துக்கு மேல சார், வீட்டை எரிச்சவனுக்கு வணக்கம் சொல்லிட்டுத் தண்ணி எடுத்துட்டு வருது. நான் பாத்தது ஒரு வருஷ டூட்டி. அந்தம்மாவுக்கு லீவே கிடையாது."

அழுகையாக வந்ததை அவள் கோபமாக மாற்றிக்கொண்டாள்.

"... இருங்க, நான் முடிக்கல. மூணு வாரம் கெஞ்சி மார்த்தா நாளைக்கு லீவு வாங்கியிருக்கா. ரெண்டு வருஷத்துல முத லீவு. அம்மாவை வீடியோ கால்ல பாக்கச் சொல்லியிருக்கா. அந்தம்மா அக்கம்பக்கத்தையெல்லாம் கூட்டி உக்கார வைக்கப்போவுது. இப்ப நான் அவகிட்ட என்னன்னு சொல்லட்டும்..."

"... அவளுக்குக் கடைசி வரிசையா. சாப்பாட்டு மேசைப் பக்கம்... சரி. அப்ப நானும் அங்கதான். விளக்கை நீங்களே ஏத்திக்குங்க... நான் எதுக்கு, அதான் மாவீரர் இருக்காரே. அவரு வந்து பொன்னாடை வாங்கிக்குவாரு."

அவள் கணவனை முறைக்கத் திரும்பினாள். கோபாலசாமி இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினான். பாதி தேய்த்த கோட்டை ஹேங்கரில் மாட்டி, அலமாரிக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினான்.

"... வரமாட்டாராம் சார். இஸ்திரிப் பெட்டியை அணைச்சுட்டாரு."

அந்தப் பக்கம் ராஜீவின் குரல் குழைந்தது.

"... ம். ம்... ஆமா, சீஃப் கெஸ்ட் வந்து வெறும் மேடையைப் பாத்தா நல்லாவா இருக்கும்... பேரை மாத்தி இப்பவே குரூப்ல போடுறீங்களா. போடுங்க... மார்த்தா பேருக்குப் பக்கத்துல என்ன போடுறதா. ஒண்ணும் வேணாம். மார்த்தா, லைபீரியா. அது போதும்... இன்னும் என்ன... மேடையில நாற்காலியா..."

"... ஒண்ணுதான் காலியா இருக்கா. ஸ்பான்சருங்களை எழுப்ப முடியாது. சரி சார், கலாஸ், முடிஞ்சது, இதுக்கு மேல பேச எனக்குத் தெம்பு இல்ல. அந்த ஒண்ணுல மார்த்தா உக்காரட்டும். நான் பின்னாடி நின்னுக்கிறேன்... இல்ல சார், குத்தலா சொல்லல. அவ பள்ளிக்கூடம் போன தெருவுல ஒரு வருஷம் நின்னவ நான். இன்னும் ஒரு சாயங்காலம் நிக்க மாட்டேனா. வைக்கிறேன்."