ரெண்டு ஹெரால்டு

– மறுபடியும் சொல்லுங்கோ பாய். நிதானமா. நான் வக்கீல், எதையும் ரெண்டு தடவை கேட்டாத்தான் மண்டையில ஏறும்.

– அரே வக்கீல் சார், எத்தினி தபா சொல்றது? உங்க வண்டிக்கு மூஞ்சி இல்ல. டாக்டரம்மா வண்டிக்கு முதுகு இல்ல. ஸ்டாண்டர்டு கம்பெனில இந்த ஹெரால்டு காரு செய்யறதே நின்னு போச்சு. புதுப்பேட்டை பூரா அலைஞ்சிட்டேன், பழைய சாமான்கூட ஆப்டல. ரிப்பேருன்னு இந்த ஹபீபுர் ரஹ்மான் ஒத்துக்கினா அது பொய்யி.

– தட்டி நிமிர்த்த முடியாதா?

– தட்டலாம். நொறுங்குன அப்பளத்த ஒட்ட வெக்கிறாப்பல. ரேடியேட்டரு இஞ்சின் மேல போய் குந்திக்கினு கீது சார்.

– என்னோடது, பாய்?

– உங்க டிக்கி பின்சீட்ல வந்து குந்திக்கினு கீதும்மா. அன்னிக்கி பின்னாடி யாரும் இல்லாதது அல்லா புண்ணியம்.

– எல்லாம் என்னாலதான். கச்சேரி ரோட்டுல ஒரு மனுஷன் எப்படி ஓட்டணுமோ அப்படி நான் ஓட்டலை.

– ஆரம்பிச்சாச்சா சார்? சனிக்கிழமை வந்து இந்த பெஞ்சுல உக்காந்தா முதல் வார்த்தை இதுதான். சடக்குன்னு பிரேக் போட்டது நான்தானே?

– எருமை குறுக்கே வந்துது, போட்டேள். அது நியாயம். பின்னாடி வந்தவன் கண்ணைத் திறந்துண்டு வந்திருக்கணும். அன்னிக்கு வாய்ல சங்கராபரணம் நன்னா வந்துண்டிருந்துது, அதான் வினை.

– ஸ்டியரிங்ல தாளம் வேற. கண்ணாடில பாத்துட்டேதான் இருந்தேன்.

– பாருங்கோ பாய், இடிச்ச உடனே என் உதடு கிழிஞ்சு ரத்தம் கொட்டறது. இவா வண்டியை விட்டு இறங்கினா. என்னைப் பாக்க ஓடி வரான்னு நெனைச்சேன். நேரா எருமைகிட்டப் போயிட்டா!

– நான் மாட்டு டாக்டர் சார். அது சினையா இருந்தது. நீங்க அப்படி இல்லியே.

– ஹா! இத்த அன்னிக்கே எங்க வூட்டுக்காரி ஜமீலாகிட்ட சொன்னேன், அது சிரிச்சிக்கினே பாலைப் பொங்க வுட்டுருச்சு.

– சிரிங்கோ. இப்ப நான் என்ன பண்றது பாய்? வேற வண்டி பாக்கட்டுமா? என் கட்சிக்காரர் ஒருத்தர்கிட்ட பழைய பியட் இருக்கு. புதுசுக்குப் பேர் எழுதி வெச்சா, அது வரதுக்குள்ள நான் தடி ஊனிண்டு நடப்பேன்.

– பியட்டா? அத்த நான் பாத்துக்கீறேன் சார். கீழ பூரா துரு. பெயிண்டுதான் தாங்கிக்கினு கீது.

– அப்ப ரிப்பேரும் இல்லை, வேற வண்டியும் இல்லைங்கறேளா?

– மூணாவதா ஒரு வழி கீது. நம்ம ஹெரால்டு உடம்பு பூரா போல்ட்டுப் போட்டு மாட்டுனது சார். உங்க வண்டில பின்பக்கம் ஸ்டெடி. அம்மா வண்டில முன்பக்கம் ஸ்டெடி. அந்த மூஞ்சிய எடுத்து இந்த முதுகுல மாட்டுனா, கல்லு மாதிரி ஒரு வண்டி. நான் கேரண்டி.

– அப்படியெல்லாம் செய்யலாமா பாய்?

– செய்யலாம்மா. தோ, உங்க க்ரீமு, சாரோட நீலம். பெயிண்டு ஒரே கலரா அடிச்சிட்டா கண்டுக்கவே முடியாது.

– ரெண்டு வண்டி உள்ள போய் ஒரு வண்டி வெளில வருமாக்கும். அது யாருக்கு? அதைச் சொல்லுங்க.

– அத்த நீங்க ரெண்டு பேரும் பேசிக்கோங்க. வெல்டிங்குக்கு கேஸ் தீந்து போச்சு, நான் போய் வாங்கினு வரேன். டீ சொல்லட்டா?

– சர்க்கரை கம்மியா எனக்கு. சாருக்கு வழக்கம்போல, பாயசம் மாதிரி.

– போயிட்டாரே இவர் பாட்டுக்கு.

– போகட்டும். சொல்லுங்க சார், அந்த வண்டி யாருக்கு?

– இதுல கேக்கறதுக்கு என்ன இருக்கு? உங்களுக்குத்தான். இடிச்சது நான். கோர்ட்டுக்குப் போனாலும் இதான் தீர்ப்பு.

– எனக்கு வேண்டாம்.

– ஏன்?

– நீங்க அப்புறம் பம்பாய்க்கு ரயில் ஏறிருவீங்க. போன வாரம் ரெண்டு பேரும் ஒரே பஸ்ல இங்க வரும்போது சொன்னீங்கல்ல, உங்க பொண்ணு விசாலாக்ஷி கூப்பிடறான்னு.

– அவளா? காயிதம் போட்டாப் போதாதுன்னு ட்ரங்க் கால்ல வேற பிடிச்சுட்டா. "அப்பா, நல்ல வேளை காரும் போச்சு. ஆத்தை வாடகைக்கு விட்டுட்டுப் புறப்பட்டு வா"ங்கறா. அவ மேல தப்பில்லை. என் ஆத்துக்காரி பங்கஜம் போனதுலேர்ந்து நான் தனியாப் பொங்கித் திங்கறேன்னு அவளுக்கு ஆத்தாமை. ஆனா அங்க நான் என்ன பண்ணுவேன்? அவ ஆத்துக்காரர் பேப்பர் படிச்சு முடிக்கற வரைக்கும் காத்துண்டு உக்காந்திருப்பேன்.

– அப்போ வண்டி உங்களுக்குத்தான் வேணும். வண்டி இருந்தா கோர்ட்டுக்குப் போவீங்க, சாயங்காலம் கச்சேரிக்குப் போவீங்க. ஒரு சாக்கு இருக்கும், இங்கேயே இருக்க.

– உங்களுக்கு?

– எனக்கென்ன சார், எங்கண்ணன் இருக்காரு. தி. நகர்ல பாத்திரக்கடைக்குப் பக்கத்துல பெரிய ஜவுளிக்கடை, வாசல்ல அம்பாசடர். "ஏ பாரதி, காரும் வேண்டாம் கீரும் வேண்டாம். கடை வண்டி சும்மாதான நிக்கி, டிரைவர் கொண்டுபோய் வுடுவான், கூட்டிட்டு வருவான்"னு சொல்லிட்டாரு. வைரவன் அண்ணாச்சி சொன்னா சொன்னதுதான்.

– சௌகரியம்தானே அது?

– சௌகரியமா? நான் எங்க இறங்கினேன், யார்கிட்டப் பேசினேன், எத்தனை மணிக்கு ஏறினேன், எல்லாம் ராத்திரி மதினி காதுக்குப் போயிரும். இன்னிக்கு இங்க வந்ததுகூட ஆஸ்பத்திரியில பசு கன்னு போடுதுன்னு டிரைவரை அனுப்பிட்டு பஸ் ஏறித்தான்.

– அடடா. தெரியாமப் போச்சே எனக்கு.

– சார், நான் வேலைக்குச் சேந்தப்ப எங்க வீட்டுல ஒரு வாரம் யாரும் பேசலை. பொம்பளைப் பிள்ளை மாட்டுக்கு வைத்தியம் பாக்கறதான்னு. பொண்ணு பாக்க வந்தவங்களெல்லாம் வேலையைக் கேட்டதும் காப்பியைக் குடிச்சுட்டுப் போயிட்டாங்க. அப்புறம் யாரும் வரலை, நானும் வருத்தப்படலை. அந்த க்ரீம் ஹெரால்டை வாங்கினேன். வேப்பேரி ஆஸ்பத்திரிலேர்ந்து நேரா வீட்டுக்குப் போகாம ஒருநாள் அடையாறு பாலம் தாண்டி, கடற்கரை வரைக்கும் ஓட்டிட்டுப் போனேன். யாரும் கூப்பிடலை, யாருக்கும் சொல்லலை. அன்னிக்குத்தான் சார் நான் பெரிய மனுஷி ஆனேன்.

– அதையா நான் இடிச்சு நொறுக்கினேன்?

– திரும்பவும் பாருங்க. நான் அதுக்குச் சொல்லலை.

– இல்லை டாக்டர், வண்டி உங்களுக்குத்தான். நான் பஸ்ல போறேன். பழகிடுத்து. சொல்லப்போனா... வேண்டாம், விடுங்கோ.

– சொல்லுங்க.

– சொல்லப்போனா, இந்த பஸ் எனக்குப் பிடிச்சுப் போச்சு. சனிக்கிழமை ஆனா எப்படா வரும்னு இருக்கு. ஜூனியர்கூடக் கேக்கறான், "என்ன சார், கார் போனவர் மாதிரியே தெரியலையே, கல்யாணத்துக்குப் போறவர் மாதிரி சலவைச் சட்டை போடறேளே"ன்னு.

– அது சலவைச் சட்டையா? நான் புதுசுன்னு நெனைச்சேன்.

– புதுசும் ஒண்ணு எடுத்தேன். உங்க அண்ணா கடையிலதான்.

– எங்க கடைக்கா போனீங்க? எதுக்கு?

– சட்டைக்குத்தான். அதாவது... அவர் எப்படிப்பட்டவர்னு பாக்கலாம்னு. கல்லாவுல உக்காந்திருந்தார். மீசை பயங்கரமா இருந்துது. சட்டையை மட்டும் வாங்கிண்டு வந்துட்டேன்.

– சார், எங்கண்ணனைப் பாத்து நீங்க என்ன பேசறதா இருந்தீங்க?

– அதான் தெரியலை. கோர்ட்டுல ஜட்ஜ் முன்னாடி நாக்குப் பிறழாது எனக்கு. அங்க வாயைத் திறந்தா சட்டை அளவுதான் வந்துது.

– கடைப்பையன் டீ வெச்சுட்டுப் போயிட்டான் பாருங்க, ஆறுது. குடிச்சுட்டு என்கிட்டப் பேசுங்க. எனக்கு மீசை இல்லை.

– பாருங்கோ டாக்டர்... பாரதி. எனக்கு வயசு அம்பதைத் தாண்டியாச்சு. நான் வேற, நீங்க வேற. நாலு மாட வீதியும் பேசும். எங்க ஆத்துக்கு வந்துண்டு போயிண்டு இருக்கறவாள்ல பாதிப் பேர் வரமாட்டா. உங்க அண்ணா என்னை இதைவிட பலமா இடிப்பார். எல்லாம் தெரியும். இருந்தாலும், ரஹ்மான் பாய் ஒரு வண்டின்னு சொன்னப்போ, அந்த வண்டில ஒருத்தர் மட்டும் ஏறிண்டு போறதை என்னால நெனைச்சுப் பாக்க முடியலை.

– வக்கீல் சார், இது வாதமா, விண்ணப்பமா?

– விண்ணப்பம். தள்ளுபடி பண்ணினா அப்பீல் கிடையாது. பேசாம பஸ் ஏறிடுவேன்.

– எனக்குச் சில நிபந்தனை இருக்கு.

– சொல்லுங்கோ.

– வேலையை விடமாட்டேன். நடுராத்திரி எருமை கன்னு போட முடியாமத் தவிக்குதுன்னா எழுந்து போயிருவேன்.

– கூட வரேன். லாந்தர் பிடிக்கறேன்.

– ஞாயித்துக்கிழமை எனக்கு மீன் இல்லாம விடியாது. நாங்க தூத்துக்குடிக்காரங்க.

– பின்கட்டுல தனியா ஒரு அடுப்பு போட்டுடலாம். ஊரூர் குப்பத்துக்கு நானே போய் வாங்கிண்டு வேணா வரேன். எது நல்ல மீன்னு மட்டும் தெரியாது. எனக்கு எல்லாம் ஒரே மாதிரி முறைக்கறது.

– சிரிக்க வைக்காதீங்க, டீ கொட்டுது. அப்புறம்... பங்கஜம் அம்மா படம் கூடத்துல மாட்டியிருக்குன்னு சொன்னீங்க.

– கழட்டணும்னா...

– கழட்டக் கூடாது. அது அங்கேயே இருக்கணும். உங்களை இத்தனை வருஷம் நல்லபடியா வெச்சுட்டுப் போயிருக்காங்க. நான் வந்து அவங்க இடத்தைப் பிடிச்சேன்னு ஆகக் கூடாது. எனக்குன்னு வேற ஆணி அடிச்சுக்கறேன்.

– இருங்கோ, கைக்குட்டையை எடுத்துக்கறேன்.

– என்ன சார், கைக்குட்டை எதுக்கு?

– ஒண்ணுமில்லை. உதட்டுல தையல் போட்ட இடம் லேசா வலிக்கறது.

– அது ஆறி எப்பவோ ஆச்சு. நான் பாத்துட்டேதான் இருக்கேன்.

– உங்க அண்ணா?

– நான் பேசறேன். கத்துவாரு. சாப்பிடாம உக்காந்திருப்பாரு. ரெண்டு மாசம், மூணு மாசம். அப்புறம் மதினியைத் தூது விடுவாரு. வேலைக்குச் சேந்தப்பவும் அப்படித்தான். கடைசியில அவரோட காங்கேயம் காளைக்குக் காலு வீங்கினப்ப என்னைத்தான் கூப்பிட்டாரு. அவர் கெட்டவரில்லை சார், எனக்கு ஒண்ணும் ஆயிரக் கூடாதுன்னு பயம், அவ்வளவுதான். விசாலாக்ஷி?

– அழுவா. அப்புறம் அடுத்த ரயில்ல வந்து உங்களை மேலேர்ந்து கீழ வரைக்கும் பாப்பா. அதுக்கப்புறம் ஒத்துப்பா. அவளுக்கு நாய்க்குட்டின்னா உசிரு, அதை வெச்சு நீங்க பேசி ஜெயிச்சுடலாம்.

– அப்போ சரி.

– எது சரி?

– நீங்க கேட்டது.

– இன்னொரு தடவை சொல்லுங்கோ. நான் வக்கீல், எனக்கு ரெண்டு தடவை...

– சரி, சரி. போதுமா? ரெண்டு தடவை சொல்லிட்டேன். கண்ணைத் துடைச்சுக்குங்க, பாய் வாராரு.

– இன்னா சார், கேஸ்காரன் லேட் பண்ட்டான். பேசினீங்களா? ரிப்பேரா, வேற வண்டியா, இன்னாதான் முடிவு?

– ஒண்ணாவே பண்ணிடுங்கோ பாய். நீங்க சொன்னேளே, அதான். ஒரே வண்டி.

– சரி, யாரு வூட்டுக்குக் கொண்டாந்து வுடணும்?

– மயிலாப்பூருக்கு. எங்க... எங்க ரெண்டு பேர் ஆத்துக்கு.

– யா அல்லா! வக்கீல் சார், கையக் குடுங்க! கிரீஸு கீது, பரவால்ல, குடுங்க! ஜமீலாவுக்கு இத்தச் சொன்னா இன்னிக்கி என் வூட்ல பிரியாணிதான்.

– பாய், போதும். நீங்க வேலையப் பாருங்க.

– இனிமே இன்னாத்துக்கும்மா மறைக்கணும்? தோ, வக்கீல் சார், புடிங்க உங்க சாவி. "ரெண்டையும் ஒண்ணாக்கிடலாம் பாய், சாவி மட்டும் ரெண்டா வெட்டி வைங்க, அவரா வாயத் தொறந்து கேக்கற வரைக்கும் மூச்சு வுடாதீங்க"ன்னு டாக்டரம்மா போன வாரமே சொல்ட்டுப் போயிட்டாங்க.