உயராத சிவப்புத் துணி

இன்று காலை ஆறு மணிக்கு எங்கள் துறையிலிருந்து எந்தப் படகும் புறப்படவில்லை.

குன்றின் மேல் இருபத்திரண்டு ஆண்டுகள் நின்ற காவலரே, ஒரு மூச்சுத் தூவலைக் கண்டு திமிங்கிலத்தின் திசை சொன்னவரே, எங்களுக்கு அண்ணன் முறையான நோங் கலிஸ்தோ அவர்களே, வணங்குகிறோம்.

இம்மடலை முதலில் வேறு விதமாக எழுதியிருந்தோம். உங்கள் பார்வை மங்கியதற்கு அதில் வருந்தியிருந்தோம். அதைக் கிழித்துவிட்டோம்.

நீங்கள் சிவப்புத் துணியை உயர்த்துவீர்கள். அது சாயும் பக்கம், திமிங்கிலம் பார்க்க வந்த பயணிகளோடு படகுகள் பாயும். நீங்கள் கண்டு சொன்னதால் எங்கள் பிள்ளைகள் படித்தார்கள். வீடுகளுக்குத் தகரக்கூரை வந்தது.

இவ்வாண்டு துணி அதிகம் உயரவில்லை. பயணிகள் வெறுங்கடலைப் பார்த்துத் திரும்பினார்கள். படகோட்டி ரெஸ்தி துறையில் எல்லார் முன்னும் கேட்டார்: "நோங், திமிங்கிலம் வந்து உங்க மூக்குல மூச்சு விட்டாத்தான் தெரியுமா?" நாங்கள் சிரித்தோம். அடுத்த கூட்டத்தில் உங்களுக்கு ஓய்வளிக்கக் கை தூக்கினோம். எதிர்த்து ஒரு கையும் இல்லை.

போன வாரம், உங்கள் கடைசிக் காவல் நாளன்று, சமையற்கூடத்து நெனிதா உங்களுக்குச் சோறும் கருவாடும் கொண்டு குன்றேறினார். கீழே தாய்த் திமிங்கிலமும் குட்டியும் நின்றன. அவர் கண்ணுக்கே தெரிந்தது. துணி உங்கள் மடியில் கிடந்தது. ஏன் தூக்கவில்லை என்று கேட்டாராம். நீங்கள் சொன்னீர்களாம்: "குட்டி பால் குடிக்குது. குடிச்சு முடிக்கட்டும்."

எங்கள் தகப்பன்மார் திமிங்கில வேட்டைக்காரர்கள். படகை அதன் முன்னால் குறுக்கே நிறுத்துவார்கள். ஒருவர் கொக்கியோடு அதன் முதுகில் குதிப்பார். சட்டம் வந்தது, வேட்டை நின்றது. பயணிகளை ஏற்றிய பிறகும் நாங்கள் குறுக்கேதான் நிறுத்தினோம். வேறு விதமாக நெருங்க எங்களுக்குத் தெரியாது. படம் எடுக்க அதுவே வசதி என்றோம். போன பருவத்தில் எங்கள் படகுகளுக்கு நடுவே ஒரு குட்டி தாயைப் பிரிந்து தவித்ததை நீங்கள் மேலிருந்து பார்த்தீர்கள். அன்று மாலை எங்களிடம் சொன்னீர்கள்: "கொக்கியத்தான் விட்டீங்க. படகு இன்னும் குறுக்கதான் நிக்குது." கிழவரின் முணுமுணுப்பு என்று எழுந்து போனோம்.

நேற்று உங்கள் வீட்டுக்கு வந்து குன்றுக்குத் திரும்ப அழைத்தோம். நீங்கள் துணியைத் துவைத்து, காயவைத்து, மடித்து எங்கள் கையில் கொடுத்தீர்கள். அதை வாங்க எங்களுக்குத் தகுதி இல்லை. வாங்கிக்கொண்டோம்.

உங்கள் முழங்கால் வலி குறையட்டும். உங்கள் துணைவியாரோடு நெடுநாள் நலமாக வாழுங்கள். தலை குனிந்து வாழ்த்துகிறோம்.

இன்று காலை படகுகளைக் கரையில் நிறுத்திவிட்டு, படகோட்டிகளும் சமையற்கூடத்தாரும் சீட்டுக் கொடுப்பவரும் கையெழுத்திட்டிருக்கிறோம். ரெஸ்தி மட்டும் வெகுநேரம் பேனாவோடு நின்றார். பிறகு, தான் சொல்வதை அப்படியே எழுதச் சொன்னார்:

"நோங், படகைத் தள்ளி நிறுத்த நான் கத்துக்கிட்டா, குட்டியோட தாய எனக்கும் காட்டுவீங்களா?"