நனையாத ஏழாவது துண்டு

இடம்: நாசாலி விரிகுடா காவல் சாவடி, வனுவா லேவு தீவு, ஃபிஜி. நாள்: 17.08.2019, சனிக்கிழமை, காலை 10 மணி. பதிவு செய்தவர்: சார்ஜென்ட் கோவிந்த் சாமி.

என் பெயர் வசிதி. தகப்பனார் பெயர் கோரோய். வயது 44. வுனிடோகோ கிராமத்தில், தேவாலயத்துக்குக் கீழண்டை நாலாவது வீட்டில், கணவர் அபேலுடன் குடியிருந்து வருகிறேன். விரிகுடாவைச் சுற்றிப் பார்க்க வரும் பயணிகளை அழைத்துப் போகும் படகில் பதினொரு வருடமாக வேலை செய்து வருகிறேன். படகு இலைசாவுக்குச் சொந்தமானது. அவர் என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை. இந்தச் சாவடிக்கு என்னை யாரும் கூப்பிடவில்லை. நானாக வந்தேன்.

படகில் எப்போதும் மூன்று பேர் இருப்போம். பின்னால் எஞ்சினில் அண்ணன், முன்னால் நான், நடுவில் தோமாசி. தோமாசி என் மாமன் மகன். நான் அண்ணனுக்குச் சொல்ல வேண்டியதைத் தோமாசியிடம் சொல்வேன், அவன் அண்ணனிடம் சொல்வான், பதிலும் அதே வழியில் வரும். இத்தனை சின்னப் படகில் நேரே சொன்னால் என்ன என்று சார்ஜென்ட் இப்போது கேட்டார். அவர் லம்பாசா டவுன்காரர், எங்கள் வழக்கம் தெரியாது. அண்ணன் முறை ஆனவரோடு வயதுக்கு வந்த தங்கச்சி வாய் திறந்து பேசுவது எங்கள் ஊரில் இல்லை. அது சண்டை அல்ல, மரியாதை. எனக்குப் பதினான்கு வயது ஆன நாளிலிருந்து நாங்கள் ஒரு சொல்லும் பேசிக்கொண்டதில்லை. என் கல்யாணத்துக்கு மூன்று பன்றி கொடுத்தவர் அவர்தான். அதற்கும் என் நன்றி தோமாசி வழியாகத்தான் போனது.

14ஆம் தேதி புதன்கிழமை காலை எட்டரை மணிக்கு நான் படகுத்துறைக்குப் போனபோது தோமாசி வலது காலில் துணியைச் சுற்றிக்கொண்டு ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தான். முந்தின நாள் பாறையில் கடல் முள்ளெலியை மிதித்துவிட்டதாகச் சொன்னான்.

"நான் இல்லாம நீங்க ரெண்டு பேரும் ஊமைப் படகு ஓட்டப்போறீங்க. பாக்கவே நல்லா இருக்கும்" என்றான்.

"கால் வீங்குனதுக்குப் பதிலா வாய் வீங்கியிருந்தா ஊரே நிம்மதியா இருந்திருக்கும் மச்சான்" என்றேன்.

"என் வாய்க்கு என்ன சம்பளம்னு இன்னைக்குத் தெரியும் உனக்கு."

அவனுக்குப் பதிலாக யாரையாவது ஏற்றிக்கொள்ளச் சொல்ல நேரம் இருந்தது. ஒரு நாள்தானே என்று விட்டுவிட்டேன். இது என் முதல் தப்பு.

அதன் பிறகு ஒன்பது மணிக்கு விடுதித் துறையில் ஏழு பயணிகள் ஏறினார்கள். ஏழு பேருக்கு ஏழு துண்டு எண்ணி எடுத்து வைத்தேன். தண்ணீரிலிருந்து ஏறுகிறவர் கையில் ஒரு துண்டு கொடுப்பது என் வேலை. துண்டு தீர்ந்தால் ஆள் எல்லாம் ஏறியாயிற்று என்று கணக்கு, எங்கள் படகில் வேறு கணக்கு கிடையாது. பயணிகளில் நோரீன் என்று ஒரு அம்மா இருந்தார், வயது அறுபத்து மூன்று, டாஸ்மேனியாவில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், தனியாக வந்திருந்தார். நியூசிலாந்துக்காரர் டெஸ்மண்ட் என்பவர் நடுவில், தோமாசி உட்காரும் பலகையில் உட்கார்ந்தார். வேறு வழியில்லாமல் அன்று அவரையே தோமாசியாக வைத்துக்கொண்டேன்.

"அவர்கிட்டச் சொல்லுங்க, கொஞ்சம் மெதுவாப் போகட்டும். இங்க ஆமை இருக்கு" என்றேன்.

டெஸ்மண்ட் திரும்பிப் பார்த்துவிட்டு, "ஆறடி தூரத்துல இருக்கார். நீங்களே சொல்லுங்களேன். கோபமா ரெண்டு பேருக்கும்?" என்றார்.

"கோபம் இல்ல. அவர் எனக்கு அண்ணன் முறை. நீங்க சொன்னாத்தான் நல்லா இருக்கும்."

அவர் சொன்னார். அண்ணன் வேகத்தைக் குறைத்தார். ஆமையும் வந்தது. அதன் பிறகு டெஸ்மண்டுக்கு இது ஒரு விளையாட்டு ஆகிவிட்டது. நான் வாயைத் திறக்கும் முன்பே "உங்க தங்கச்சி என்னவோ சொல்லப்போறாங்க" என்று கத்துவார், எல்லோரும் சிரிப்பார்கள். அண்ணன் சிரிக்கவில்லை, கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

அதன் பிறகு கிராமத்துக்குப் போய், ஊர்த் தலைவர் முன்னால், இடித்துக் கரைத்துக் குடிக்கும் யங்கோனா வேரைக் காணிக்கையாக வைத்து அனுமதி வாங்கி, பின்னால் இருக்கும் அருவிக்கு நடந்து போனோம். பயணிகள் அருவியை விட்டு ஏற மனமில்லாமல் முக்கால் மணி நேரம் கூடுதலாகக் குளித்தார்கள். அதன் பிறகு என் நாத்தனார் வீட்டில் மரவள்ளிக் கிழங்கும் தேங்காய்ப் பாலில் வேகவைத்த மீனும் சாப்பிட்டோம். நோரீன் அம்மா இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டு, "முப்பது வருஷம் பஸ்லயே உக்காந்து ரொட்டி தின்னேன். இன்னைக்குத்தான் சாப்பாடு" என்றார். அதன் பிறகு குகைக்குக் கிளம்பும்போதே மணி இரண்டைத் தாண்டிவிட்டது. அன்று கடல் முழுதாக வற்றும் நேரம் ஒன்றரை. குகையின் வாய் தண்ணீர் மட்டத்தில் இருக்கிறது. நன்றாக வற்றிய நேரத்தில் தலையை நீட்டி நுழையலாம். தண்ணீர் ஏறத் தொடங்கினால் ஒரு மூச்சு முங்கி நுழைய வேண்டும், இன்னும் ஏறினால் நுழையவே கூடாது. உள்ளே மண்டபம் போலப் பெரிய இடம், மேலே ஒரு வெடிப்பு வழியாக வெயில் விழும். மண்டபத்தைத் தாண்டி வலது பக்கம் திரும்பினால் ஒரு சின்ன அறை. உட்காரத் திட்டு இருக்கிறது.

படகைப் பாறைக்கு வெளியே நிறுத்தினோம். அண்ணன் விளக்கோடு முதலில் தண்ணீரில் இறங்கினார். எப்போதும் அவர்தான் கூட்டிக்கொண்டு போய், கால் மணி நேரம் காட்டி, குரல் கொடுத்துக் கூட்டி வருவார். நான் படகில் இருப்பேன். அப்போது நோரீன் அம்மா காதிலிருந்து இரண்டு கருவிகளைக் கழற்றி ஒரு சின்ன டப்பாவில் போட்டு என்னிடம் கொடுத்து, "நனைஞ்சாப் போச்சு. பத்திரம். இது இல்லாம எனக்கு ஒண்ணும் கேக்காது" என்றார். நான் டப்பாவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

குகைக்குள் அண்ணன் குரல் கொடுத்துத்தான் ஆட்களைத் திரும்பக் கூட்டுவார் என்பது எனக்குத் தெரியும். இந்த அம்மாவுக்குக் குரல் கேட்காது என்பதும் அந்த நேரத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். அண்ணன் படகிலிருந்து நாலு முழம் தள்ளி, பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் டெஸ்மண்டிடம், "அந்த அம்மாவுக்குக் காது கேக்காதுன்னு அவர்கிட்டச் சொல்லிடுங்க" என்றேன். டெஸ்மண்ட் முங்கு கண்ணாடியை மாட்டிக்கொண்டே, "ஆகட்டும், தபால்காரன் சொல்லிடுறேன்" என்று சொல்லித் தண்ணீரில் குதித்தார். அவர் சொல்லவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. அவரைக் குற்றம் சொல்ல நான் இங்கே வரவில்லை. சொல்ல வேண்டியது என் வேலை.

அதன் பிறகு கால் மணி நேரத்தில் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். மூன்றாவதாக வந்த பெண்ணுக்கு முழங்காலில் பாறை கிழித்து ரத்தம் வந்ததால், துண்டுகளைப் பலகையில் வைத்து எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அவருக்குக் கட்டுப் போட்டேன். கடைசியாக அண்ணன் வந்தார். அவர் என் பக்கம் பார்ப்பது ஓரக்கண்ணில் தெரிந்தது. அப்படிப் பார்த்தால் ஆள் சரியா என்று அர்த்தம். நான் குனிந்து கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன், நிமிரவில்லை. ஏதாவது குறைந்தால் நான் எப்படியும் சொல்லி அனுப்புவேன் என்று நம்பி அவர் எஞ்சினைக் கிளப்பினார்.

அதன் பிறகு மணல்திட்டை நோக்கிப் போனோம். ஏறக்குறைய பத்து நிமிடம் கழித்து, கத்தரிக்கோலைப் பெட்டியில் வைக்கத் திரும்பியபோது பலகையின் மேல் ஒரு துண்டு மடிப்புக் கலையாமல் இருந்தது. தொட்டுப் பார்த்தேன், காய்ந்திருந்தது. சட்டைப் பையில் டப்பா இருந்தது.

அப்போதும் நான் அண்ணனைக் கூப்பிடவில்லை. இதை மறைக்க விரும்பவில்லை. டெஸ்மண்டைத் தேடினேன். அவர் என் பக்கத்தில் முன்னால் வந்து நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார். தோளைத் தட்டி, "படகுக்காரர்கிட்டச் சொல்லுங்க" என்றேன். "ஒரு நிமிஷம், ஒரே ஒரு படம்" என்றார். அந்த ஒரு நிமிஷம் என்ற பேச்சு எனக்குப் பொறுக்கவில்லை. நான் பின்னால் திரும்பி, எங்கள் பாஷையில் உரக்கச் சொன்னேன்.

"அண்ணா, படகைத் திருப்புங்க. காது கேக்காத அந்த அம்மா உள்ளயே இருக்காங்க."

அவர் என்னை நேரே பார்த்தார். "சரி" என்றார். முப்பது வருடத்தில் அவர் என்னிடம் பேசியது அந்த ஒரு சொல்தான். பயணிகளுக்கு ஒன்றும் புரியவில்லை. படகு திரும்புகிறது என்பது மட்டும்தான் அவர்களுக்குத் தெரிந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது குகையின் வாய் தண்ணீருக்குள் போய்விட்டது. அண்ணன் விளக்கை எடுத்துக்கொண்டு முங்கினார். முதல் தரம் தனியாக மேலே வந்தார், மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி முங்கினார். நான் டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியாது. அதன் பிறகு, சின்ன அறைத் திட்டில் உட்கார்ந்திருந்த நோரீன் அம்மாவைக் கட்டிப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். அம்மாவின் இடது மணிக்கட்டு பாறையில் அடிபட்டு முறிந்திருந்தது. அண்ணன் நெற்றியிலிருந்து ரத்தம் வழிந்தது. நான் துண்டைச் சுற்றிவிட்டேன். அம்மா என் முகத்தைப் பார்த்து, "என் ஸ்டாப்புல எறங்காம தூங்கிட்டேன் போல" என்று சொல்லி, பிறகு அழுதார். நானும் அழுதேன்.

அதன் பிறகு அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். விடுதியிலிருந்து புகார் வந்து, வியாழக்கிழமை அண்ணனின் படகு அனுமதிச் சீட்டைப் போலீஸார் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அவருக்கு வேறு பிழைப்பு இல்லை. வெள்ளிக்கிழமை மாலை தோமாசி நொண்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். அண்ணன் வாக்குமூலம் கொடுத்துவிட்டதாகவும், எண்ணிக்கையில் தானே பிசகிவிட்டதாகவும், பாதி வழியில் தனக்கே ஞாபகம் வந்து திருப்பியதாகவும், படகில் யாரும் தன்னைக் கூப்பிடவில்லை என்றும் அதில் சொல்லியிருப்பதாகவும் சொன்னான்.

"நீ கூப்பிட்டியா?" என்று கேட்டான்.

"கூப்பிட்டேன்."

அவன் அன்று கேலி செய்யவில்லை. "அவரே தலையில போட்டுக்கிட்டாரு. நீ பேசாம இரு. நீ அவர்கிட்டப் பேசுனது வெளிய தெரிஞ்சா நீ பாயும் யங்கோனாவும் தூக்கிட்டு அவர் வாசல்ல போய் மன்னிப்புக் கேக்கணும். உன் மாமியார் வீட்டுல சாகுற வரைக்கும் சொல்லிக் காட்டுவாங்க" என்றான்.

"சொல்லட்டும்" என்றேன்.

எனவே நான் சொல்வது என்னவென்றால், நோரீன் அம்மாவுக்குக் காது கேட்காது என்பது இலைசாவுக்குத் தெரியாது. தெரிந்த நான் சொல்லவில்லை. துண்டை எண்ண வேண்டிய நான் எண்ணவில்லை. யாரும் கூப்பிடவில்லை என்று அவர் சொன்னது உண்மை அல்ல. நான் கூப்பிட்டேன். கூப்பிட்டதற்கு நான் வெட்கப்படவில்லை, அவர் குகைக்குள் போகும் முன்பே வாயைத் திறக்காததற்குத்தான் வெட்கப்படுகிறேன். அனுமதிச் சீட்டை அவரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

வேறு ஏதாவது சேர்க்க வேண்டுமா என்று சார்ஜென்ட் கேட்டார். அண்ணன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். இதை நான் அவரிடம் சொல்ல முடியாது. சார்ஜென்ட் இதை முதல் வரியிலிருந்து அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

இதில் உள்ளவை யாவும் என் வாயால் சொன்னவை. படித்துக் காட்டக் கேட்டேன். எந்த வரியையும் எடுக்கச் சொல்லவில்லை.

(ஒப்பம்) வசிதி கோரோய்

சார்ஜென்ட் குறிப்பு: மேற்படி வாக்குமூலம் அன்றே 11.40 மணிக்கு, சாவடி வாசலில், இலைசாவுக்கு முழுவதும் வாசித்துக் காட்டப்பட்டது. வாக்குமூலம் கொடுத்தவர் அப்போது கதவுக்கு உள்பக்கம் நின்றிருந்தார். வாசித்து முடித்ததும் இலைசா தன் வாக்குமூலத்தில் ஒரு வரியை அடிக்க வேண்டும் என்றார். எந்த வரி என்று கேட்டதற்கு, யாரும் கூப்பிடவில்லை என்ற வரி என்றார்.