நிபுணரையே படுக்கவைத்த ஸ்கேன் டாக்டரம்மாவுக்குப் பணி ஓய்வு வாழ்த்துமடல்

ஓடும் குடலையும் ஒரு பார்வையில் நிறுத்தும் ஒப்பற்றவரே! உங்கள் கை பட்டதும், நெளிந்து திரியும் சிறுகுடல் சட்டென்று நிமிர்ந்து, வரிசையில் நின்று வணக்கம் வைக்கும். இதை நாங்கள் கண்ணாலேயே கண்டோம்!

"ஸ்கேன்ல குடலைப் பாக்கறதா? வாயு தவிர ஒண்ணும் தெரியாதும்மா" என்று நம் குடல்நோய் நிபுணர் சிரித்த காலத்திலேயே, குழந்தைகளின் வயிறு கூசக்கூடாதென ஜெல் பாட்டிலை வெந்நீர்க் கிண்ணத்தில் குளிப்பாட்டிக் காத்திருந்த கனிவின் களஞ்சியமே!

அந்த நான்கு வயதுச் சிறுமியை மறப்போமா? சாப்பிட்டால் வலி, உடம்போ துரும்பாய் இளைத்துவிட்டது. பூச்சி மருந்தும் கொடுத்தாயிற்று, பள்ளிக்குப் போகாமலிருக்க நடிக்கிறாள் என்று ஏச்சும் கொடுத்தாயிற்று. மயக்கம் கொடுத்துக் குழாய்விட்டுப் பார்க்க வேண்டும் என்றார் நிபுணர். "காரணம் காட்டாம என் பிள்ளையை மயக்க விடமாட்டேன்" என்று அரணாய் நின்றார் அம்மா. காரணம் காட்ட வேண்டியவர் நீங்கள். சிறுமியோ ஸ்கேன் கட்டிலைக் கண்டு போட்ட கூச்சலில், பக்கத்துக் கட்டிடத்தில் கால் முறிந்து கிடந்தவர்கள் எழுந்து ஓடினார்கள்!

அப்போதல்லவா நிபுணரிடம் சொன்னீர்கள்: "சார், சட்டையைத் தூக்கிட்டுப் படுங்க. இன்னிக்குப் பாப்பாதான் டாக்டர்."

படுத்தார்! சிறுமி அவர் தொப்பையில் கருவியை உருட்டித் திரையைப் பார்த்தாள். "மாமா வயித்துல ஒண்ணுமே இல்ல!"

"உன் வயித்துல ஏதாவது இருக்கானு பாப்போமா?" என்றீர்கள் நீங்கள்.

தானே ஏறிப் படுத்தாள் தங்கம். சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் இடத்தில் சுவர் தடித்து, ரத்த ஓட்டம் திரையில் செக்கச்செவேலென்று எரிந்தது. குடல் அழற்சியாக இருக்கலாமென்று நீங்கள் விரல் வைத்துக் காட்ட, அம்மா சம்மதித்தார். குழாய் உள்ளே போனபோது புண் இருந்ததும் அதே இடம்! சரியான மருந்தில் தேறிய அந்தக் குட்டி, போன மாதம் வந்தபோது நம் வார்டு நிலைப்படியில் தலையை இடித்துக்கொள்ளும் அளவுக்கு வளர்ந்திருந்தாள்! நிபுணர் மட்டும் "நானாவது, படுக்கறதாவது!" என்று இன்றுவரை சாதிக்கிறார்.

திரையின் மங்கலில் தெளிவு கண்ட தீர்க்கதரிசியே! கண்ணுக்கு மங்கலும் கைக்கு நடுக்கமும் உங்கள் விலாசம் தெரியாமல் தெருத்தெருவாய் அலையட்டும்! என்னைப்போல நீங்களும் காலை பத்துவரை தூங்கிக் களித்திடுங்கள்!

பெருமையுடன்,
குழந்தைகள் பிரிவுத் தோழமைகள் சார்பில்,
சென்ற ஆண்டே ஓய்வுபெற்றும் வாய் ஓயாத தலைமைச் செவிலி

(கையொப்பங்களுக்குக் கீழே, பேனாவில்:)

படுத்தது உண்மை. வெந்நீர் ஜெல் எல்லாம் குழந்தைகளுக்குத்தான். எனக்கு ஐஸ் மாதிரி தடவினார்கள். ஸ்கேனில் குடல் தெரியும்.
– குடல்நோய் நிபுணர்