நாற்பத்தாறாம் நாள்

எங்கள் வீட்டில் தினசரிக் காலண்டரைக் கிழிப்பது எப்போதும் என் கணவர் ஏசுதாசன்தான். பம்மலில் தோல் தொழிற்சாலை சூப்பர்வைசராக இருந்தவர். எதுவும் நேரத்துக்கு நடக்க வேண்டும் அவருக்கு. வாதம் வந்து இடது பக்கமும் பேச்சும் போன பிறகு, வலது கைக்கு எட்டுகிற மாதிரி காலண்டரைக் கட்டிலுக்குப் பக்கத்தில் மாட்டிக் கொடுத்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் சார்.

சேலையூர் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். மூன்று வருஷம் நான் ஒருத்தியாகவே புரட்டிப் படுக்கவைத்தேன், கழுவிவிட்டேன், கஞ்சி ஊட்டினேன். ஒரு ஆயா வைத்தால் இன்ஷூரன்ஸில் பணம் வருமா என்று பாலிசி எடுத்துக்கொடுத்த சுந்தரராமனைக் கேட்டேன்.

"வீட்ல படுத்திருந்தா கம்பெனி தராது மேடம். இருபத்துநாலு மணி நேரமாவது அட்மிட் ஆகணும்" என்றார்.

புதிதாக வந்த அரசுக் காப்பீட்டு அட்டையையும் வரிசையில் நின்று வாங்கினேன். அது ஆபரேஷனுக்கு. படுக்கைக்கு இல்லை.

அதனால் பாலிசியை நானே உட்கார்ந்து படித்தேன். ஒரு வியாதிக்கு இவ்வளவுதான் என்று வரம்பு. டிஸ்சார்ஜ் ஆகி நாற்பத்தைந்து நாளுக்குள் திரும்ப வந்தால் அது பழைய வியாதி. அதைத் தாண்டி வந்தால் புதிது, பணமும் முதலிலிருந்து தருவார்கள்.

ஒவ்வொரு டிஸ்சார்ஜிலிருந்தும் எண்ணி, காலண்டர் தாள்களில் பென்சிலால் எண் போட்டேன். நாற்பத்திரண்டாம் நாள் பிரஷர் மாத்திரையை நிறுத்துவேன். பிரஷர் ஏறி, நாற்பத்தாறாம் நாள் ஆஸ்பத்திரி. நான்கு நாள் நர்சுகள் பார்த்துக்கொள்வார்கள், முதுகுப் புண்ணுக்கு மருந்து போடுவார்கள். நான் வராந்தா பெஞ்சில் அசந்து தூங்குவேன். அந்தத் தூக்கத்துக்கு எவ்வளவு ஏங்கினேன் என்று சொன்னால் உங்களுக்குப் புரியாது. ஐந்து தடவை ஒரு குறையும் இல்லாமல் நடந்தது.

ஆறாவது தடவை முந்திக்கொண்டது. நாற்பத்துமூன்றாம் நாள் மதியமே அவருக்கு மூச்சு இழுத்தது. பக்கத்து வீட்டு மெஹ்னாஸ் எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, அண்ணனுக்கு ஒரு மாதிரியா இருக்கு. ஆட்டோ கூப்பிடட்டா?"

"அடிக்கடி வர்றதுதாம்மா. டாக்டர்கிட்ட கேட்டுட்டேன்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். டாக்டரிடம் கேட்கவில்லை.

திரும்பிப் பார்த்தால், அவர் காலண்டரைக் கிழித்துக்கொண்டிருந்தார். மூன்று தாள். நாற்பத்தாறு மேலே வந்ததும் அதை விரலால் தட்டிக் காட்டி என்னைப் பார்த்தார். ஐந்து தடவையும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் தாளைக் கிழித்துவிட்டால் நாள் போய்விடுமா? பொறுக்கியெடுத்து, கிளிப் போட்டுத் திரும்ப மாட்டினேன்.

"இன்னும் மூணே நாள்தாங்க" என்று தலையைத் தடவிக் கொடுத்தேன்.

நாற்பத்தாறாம் நாள் விடிந்ததும் முதல் வேலையாக ஆட்டோவுக்குச் சொன்னேன். தூக்க வந்த டிரைவர் அவர் கையைத் தொட்டுவிட்டு, "உடம்பு ஜில்லுனு கீதும்மா" என்றார். போர்வை எடுத்து வந்து போர்த்தினேன்.

மாத்திரையை நிறுத்தியது நான்தான். மூன்று நாள் கதவைச் சாத்தி வைத்திருந்ததும் நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ சொல்லுங்கள். கவனிக்காமல் விட்டுவிட்டேன் என்று மட்டும் எழுதாதீர்கள், சார். குறித்த நாளுக்கு ஒரு நாள்கூடப் பிந்தி நான் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதில்லை.