நாளை ஒரு நாள் பலாப்பழத்தை விட்டுக்கொடுங்கள்

விழாவுக்குத் தலைமை ஏற்று, ஏற்ற கையோடு கண்ணயர்ந்துவிட்ட மூத்த வழக்கறிஞர் கோவிந்தப் பணிக்கர் அவர்களே, அவரை எழுப்பத் துணியாமல் அருகில் அமர்ந்திருக்கும் தொடுபுழா வாசகசாலைச் செயலாளர் அவர்களே, பேரன் பேத்தி எடுத்த பிறகும் புத்தகம் எடுத்த பெரியோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு அறிவை மூட்ட வந்த தாய்மார்களே, நாளைக் காலை சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வு எழுதப்போகும் நரைத்த தலைகளே, வணக்கம்.

வாழ்த்தத்தான் என்னை அழைத்தார்கள். வாழ்த்துக்கு முன் கொஞ்சம் வயிற்றெரிச்சல். ஊர் முனைப் பயிற்சி நிலையத்தின் வாசலில் இளசுகளின் படங்கள் ஆளுயரத்துக்கு நிற்கின்றன. நமக்கோ இந்த வாசகசாலையில் கேரம் பலகைக்குப் பின்னால் வகுப்பு. போகட்டும், நமக்கெதற்குப் படம்? நம் முகம் நீதிமன்ற வராந்தாவுக்கு நன்றாகவே தெரியும்.

ஏலியாம்மா சேச்சி, முகத்தை மூடாதீர்கள். உங்கள் கதையைத்தான் சொல்லப்போகிறேன். வேலியோரத்துப் பலா மரம் தன்னுடையது என்று பக்கத்து வீட்டு வர்க்கிமேல் சேச்சி வழக்குப் போட்டபோது அவருடைய மகள் பள்ளியில் இருந்தாள். இன்று மகளின் மகள் பள்ளியில் இருக்கிறாள். வழக்கு எங்கே இருக்கிறது? வாய்தாவில் இருக்கிறது. வாய்தா வாங்குபவர் யார்? பெயர் சொல்ல மாட்டேன். மேடையில் குறட்டை வரும் திசையைப் பாருங்கள். அவருடைய குமாஸ்தாவாக வழக்குக் கட்டுகளைச் சுமந்து இறங்கிப்போன என் இடது தோளையும் பாருங்கள்.

இனி என் வழக்கை நானே நடத்துவேன் என்று சேச்சி போன வருடம் தேர்வுக்குப் போனார். கேள்வித்தாளில் சட்டத்தையும் அவர்களே தருவார்கள். அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். தந்த சட்டம்: எவன் நிலத்தில் பழம் விழுகிறதோ, அவனுக்கே பழம். ராமன் மரத்துப் பலாப்பழம் கிருஷ்ணன் நிலத்தில் விழுந்தது. பழம் யாருக்கு?

கிருஷ்ணனுக்கு என்று குழந்தைகூடச் சொல்லும். சேச்சி சொல்லவில்லை. அந்த ஒரு கேள்வியோடு மல்லுக்கட்டி, பாதித் தாளைத் தொடாமலே வெளியே வந்தார்.

"தண்ணி ஊத்துனது ராமன், சாரே. பழம் மட்டும் கிருஷ்ணனுக்கா? அதை என் கையால எழுதணுமா?"

"சேச்சி, அது உங்க மரம் இல்ல."

"வர்க்கியும் அதையேதான் சொல்றான்."

சிரிக்கிறீர்களா, பின் வரிசை ஹம்சா? வாடகை வீட்டுக் கேள்வியில் வீட்டுக்காரனை ஓரத்தில் திட்டி எழுதிவிட்டு வந்தவர் யார்?

இளைஞனுக்கு ராமனையும் தெரியாது, கிருஷ்ணனையும் தெரியாது, குறித்துவிட்டுப் போகிறான். உங்களுக்கு இருவரையும் தெரியும். அந்த அறிவு நாளை ஒரு பொழுது உங்களுக்குப் பகை. அதன்பின் ஆயுள் முழுக்க ஆயுதம்.

ஆகவே, சேச்சி, நாளை பழத்தைக் கிருஷ்ணனுக்குக் கொடுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு கொடுங்கள், மனதுக்குள் வைதுகொண்டு கொடுங்கள், ஆனால் கொடுங்கள். ஹம்சா, வீட்டை வீட்டுக்காரனுக்குக் கொடுங்கள். கொடுத்துக் கல்லூரிக்குள் போங்கள். கறுப்பு அங்கி அணியுங்கள். அதே நீதிமன்றத்துக்குத் திரும்பி வந்து, கொடுத்ததை எல்லாம் ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள்!

அடடே, பணிக்கர் சார் விழித்துவிட்டார். நல்ல நேரம் பார்த்து விழித்தீர்கள், சார். உங்கள் கட்சிக்காரி நாளை தேர்வெழுதுகிறார். அடுத்த வாய்தாவை யோசித்துக் கேளுங்கள்.

பொறுமையாகக் கேட்டவர்களுக்கு நன்றி. பாதியில் எழுந்து படிக்கப் போனவர்களுக்கு அதைவிட நன்றி. வணக்கம்.